ஒரு சாண் தண்ணீர்

தாப்பாவிலிருந்து மலையேறிய பஸ் பாதி வழியில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி முன்மூடியைத் திறந்தார். குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. அவர் ஒரு தகர டின்னை எடுத்துக்கொண்டு சாலையோரப் பாறை இடுக்குக்குள் போனார். போன வேகத்திலேயே காலி டின்னோடு திரும்பி வந்து மலாயில் ஏதோ சொன்னார். பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் முனகினார்கள்.

"எப்பவும் இந்த எடத்துலதான் லா தண்ணி புடிப்பாரு," என்றாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தமிழ்ப் பெண். "அருவி விழுற எடம். இப்ப பாறை மட்டும்தான் ஈரமா இருக்காம்."

ஓட்டுநர் டின்னை நீட்டிக்கொண்டு இருக்கை இருக்கையாக வந்தார். கோயிலில் தட்டு வருவதுபோல் இருந்தது. ஒரு சீன மூதாட்டி தன் பாட்டிலில் இருந்த பார்லித் தண்ணீரை முழுசாக ஊற்றினார். ஒருவர் சோடாவைத் திறந்து ஊற்றினார். நான் கொதிக்கவைத்து ஆற்றிக் கொண்டுவந்திருந்த தண்ணீரைக் கொடுத்தேன். என்ஜின் எதையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ரிங்லெட் வரைக்கும் பஸ்ஸில் பார்லி வாசனை அடித்தது. எழுபதுகளின் கடைசியில் மலேசியாவின் கேமரன் மலைக்கு நான் போய்ச் சேர்ந்தது இப்படித்தான்.

நான் கொடைக்கானல் ஏரிப் படகுத்துறையில் தச்சன். மரப்படகுகளுக்கு ஒட்டுப் போடுவது, இடுக்கடைப்பது, தார் பூசுவது என் வேலை. என் அக்கா சரோஜா கல்யாணமாகி மலேசியாவுக்குப் போனவள். அவள் வீட்டுக்காரர் வீரையா ஒரு தேயிலைத் தோட்டத்து ஏரிக்குக் காவல். மச்சான் எனக்கு எழுதிய கடிதத்தில் இரண்டே விஷயங்கள் இருந்தன. உன் அக்காவை நீ பார்த்து ஆறு வருஷம் ஆகிறது. இங்கே எட்டுப் படகு ஒழுகுகிறது.

ரிங்லெட்டில் மச்சான் மோட்டாரோடு காத்திருந்தார். அங்கே மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள். என் மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் தேயிலை. கொடைக்கானலில் மலை என்றால் எனக்குத் தைல மரமும் பேரிக்காயும்தான். இங்கே மலைகள் தலைவாரி விட்டதுபோல் வரிவரியாகக் கிடந்தன. ஆனால் இலைகளின்மேல் சாலைப் புழுதி படிந்திருந்தது. தூரத்து முகடுகள் புகைக்குள் மங்கித் தெரிந்தன. குளிரும் வெயிலும் ஒன்றாக அடித்த அந்த மாலையில், எனக்குத் தெரிந்த ஓர் ஊரை வேறு யாரோ மாற்றி அடுக்கி வைத்துவிட்டதுபோல் தோன்றியது.

அக்கா நெத்திலிச் சம்பலும் ஓடைக்கீரைச் சாறும் வைத்திருந்தாள். கை கழுவ ஒரு சின்னக் குவளைத் தண்ணீர் கொடுத்தாள். "லைன் வீடுங்களுக்குத் தண்ணி காலையில அரை மணி நேரந்தான்டா. பாத்து ஊத்து," என்றாள். ஆறு வருஷம் கழித்து என்னைப் பார்த்தவள் முதலில் சொன்னது அதுதான். பிறகுதான் அழுதாள்.

மறுநாள் காலையில் ஏரிக்குப் போனோம். மூடுபனி தண்ணீர்மேல் படுத்திருந்தது. தேயிலை வறுக்கும் வாசனை எங்கிருந்தோ மிதந்து வந்தது. பனி விலக விலக முதலில் எதிர்க்கரை மரங்கள் தெரிந்தன. அப்புறம் தண்ணீர் தெரிந்தது. கடைசியாக, தண்ணீருக்கும் எங்களுக்கும் நடுவில் கிடந்த சேறு தெரிந்தது. காய்ந்து பாளம் பாளமாக வெடித்த சேறு. அதன்மேல் ஒரு பலகைப் பாதை போட்டு, அதன் முனையில் படகுகளைக் கட்டியிருந்தார்கள்.

அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் தேயிலை ஆலைக்கு மின்சாரம் எடுக்கக் கட்டிய சின்ன அணை அது. இப்போது ஆலைக்குக் கம்பி வழியாக மின்சாரம் வந்துவிட்டது. ஏரி, தோட்டத்துப் பங்களாவில் தங்க வரும் விருந்தாளிகள் படகு விடுவதற்கென்று ஆகிவிட்டது. அணையின் மதகைத் திறந்தால் தண்ணீர் கீழே ஓடையில் இறங்கி, காய்கறித் தோட்டங்களுக்குப் போகும். மதகைத் திறப்பதும் மூடுவதும் மச்சான் கையில் இருந்தது. எவ்வளவு திறப்பது என்பது மேனேஜர் கையில் இருந்தது. மேனேஜர் தமிழர்தான், ஈப்போவில் படித்தவர். ஆனாலும் எல்லோரும் அவரைத் துரை என்றுதான் சொன்னார்கள்.

அணைச் சுவரில் அளவுகோல் ஒன்று வரைந்திருந்தது. அதன் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு.

"தண்ணி இந்தக் கோட்டுக்குக் கீழ போனா படகு தரை தட்டும்," என்றார் மச்சான். "ஸ்கூல் லீவு முடியிற வரைக்கும் கோடு முழுகியே இருக்கணும்னு துரை ஆர்டர். அதனால காலையில சக்கரத்த ஒரே ஒரு சுத்து. ஒரு மணி நேரம். அவ்வளவுதான்."

"கீழ இருக்கறவங்களுக்குப் போதுமா?"

அவர் குனிந்து கோட்டைப் பார்த்தார். கோட்டுக்குமேல் நாலு விரல் தண்ணீர் இருந்தது.

படகுகளைக் குத்தகைக்கு எடுத்து விடுபவர் ஆ செங். தோட்டத்து ஓரத்திலேயே பிறந்து வளர்ந்த சீனர். நம்மைப் போலவே தமிழ் பேசினார். வறட்சி தண்ணீரை மட்டும் குறைக்கவில்லை. பாதிப் படகு வெயிலில் நின்றதால் பலகைகள் சுருங்கி இடுக்குகள் வாய் பிளந்திருந்தன. அதனால்தான் ஒழுக்கு. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டுப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் ஆழத்துக்கு நீளமான கட்டை ஒன்றை ஆணி முடுக்கிப் பொருத்தியிருந்தார்கள்.

"இது எதுக்கு லா இவ்வளவு ஆழம்?" என்றேன். ஒரே நாளில் எனக்கும் அந்த 'லா' ஒட்டிக்கொண்டது.

"நேரா போறதுக்கு," என்றார் ஆ செங். "கோலாலம்பூர்லேர்ந்து வர்ற ஆளுங்களுக்குத் துடுப்புப் புடிக்கத் தெரியாது. கட்டை இல்லன்னா படகு பம்பரமாட்டம் சுத்தும்."

மூன்றாம் நாள் தாரும், இடுக்கில் அடைக்கும் பஞ்சுத்திரியும் வாங்க பிரிஞ்சாங் போக வேண்டியிருந்தது. காய்கறி லோரி ஒன்றில் மச்சான் இடம் பிடித்துக் கொடுத்தார். அது ஏரிக்குக் கீழே ஒரு தோட்டத்தில் முட்டைக்கோஸ் ஏற்ற நின்றது. தோட்டக்காரர் பெயர் முனியாண்டி. என் தமிழைக் கேட்டதும் முகம் மலர்ந்து, "எந்த ஊரு தம்பி?" என்றார். கொடைக்கானல் என்றேன். "யாரு வூட்டுக்கு வந்திருக்கீங்க?" என்றார். வீரையா மச்சான் வீட்டுக்கு என்றேன். அவர் முகம் மூடிக்கொண்டது. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மனைவி மட்டும், புருஷன் பார்க்காத நேரத்தில், வேகவைத்த சோளம் இரண்டை என் கையில் திணித்தார்.

நான் ஓடையைப் பார்த்தேன். பெயருக்குத்தான் ஓடை. கல்லுக்குக் கீழே ஈரம் இருந்தது. முனியாண்டியும் மனைவியும் குழியில் தேங்கியதைத் தகரத்தில் மொண்டு செடி செடியாக ஊற்றிக்கொண்டிருந்தார்கள். மேல் பாத்தியில் கோஸ் தேங்காய் அளவுக்கு இருந்தது. கீழ்ப் பாத்தியில் எலுமிச்சை அளவோடு நின்று, ஓரம் மஞ்சளாகிச் சுருண்டிருந்தது.

பிரிஞ்சாங்கில் இரும்புக் கடைக்காரர் என் கையைத் திருப்பிப் பார்த்து, நான் சொல்லாமலே நல்ல தாரை எடுத்து வைத்தார். ரொட்டி சானாயும், தே தாரிக் என்று அவர்கள் சொல்லும் இழுத்து ஆற்றிய டீயும் சாப்பிட்டேன். ரொட்டியைத் துணி உதறுவதுபோல் உதறிப் போட்டார்கள். எங்கள் ஊர் பரோட்டாவுக்கு இது தம்பி முறை. வரும்போது ஏறிய லோரி ரிங்லெட் போகாமல், எதிர்த்திசையில் இருந்த கம்போங் ராஜாவுக்குத் திரும்பிவிட்டது. வடக்கே வந்துவிட்டேன் என்று எனக்குத் தெரியவில்லை. எல்லாத் திருப்பத்திலும் ஒரே தேயிலை. பூக்கூடைகளுக்கு நடுவே கண்ணயர்ந்தவனை ஓட்டுநர் எழுப்பி, வேறொரு லோரியில் மாற்றிவிட்டார்.

அன்று சாப்பிடும்போது முனியாண்டியைப் பற்றிக் கேட்டேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பந்து ஆடுனவங்கடா," என்றாள் அக்கா. "தண்ணி கொறஞ்சதுலேர்ந்து ஒன்றரை மாசமாப் பேச்சில்ல. அவரு வந்து இன்னும் ஒரு சுத்து தொற லான்னு கேட்டாரு. இவரு முடியாதுன்னுட்டாரு. இவரு தொறந்தா வேலையும் போகும், இந்த வூடும் போகும். அவரு மேல தப்பில்ல. இவரு மேலயும் தப்பில்ல. ஆனா ரெண்டு வூட்டுலயும் சோறு எறங்க மாட்டேங்குது."

மச்சான் தலை நிமிராமல் சாப்பிட்டார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. விருந்தாளிகள் நிறைய. நான் கரையில் ஒரு படகுக்குத் திரி அடித்துக்கொண்டிருந்தேன். காற்று இல்லை. தண்ணீரில் மேகம் அப்படியே நின்றது. கோலாலம்பூரிலிருந்து வந்த புதுமணத் தம்பதி ஒன்று ஒரு படகில் போனது. துடுப்பின் சத்தம் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு கேட்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால், படகு ஏரி நடுவில் அசையாமல் நின்றது. அவர்கள் ரசிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அந்தப் பெண் எழுந்து கைக்குட்டையை ஆட்டியபோதுதான் புரிந்தது. அடிக்கட்டை சேற்றில் சொருகிவிட்டது.

கோட்டுக்குமேல் தண்ணீர் இருந்தும் தட்டிவிட்டது. கீழே சேறு மேடாகியிருந்ததை அந்தக் கோடு எப்படி அறியும்?

ஆ செங் இன்னொரு படகை எடுத்துக்கொண்டு போனார். அதுவும் பக்கத்திலேயே சொருகியது. கடைசியில் அவர் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் இறங்கி, அந்தப் பெண்ணை முதுகில் சுமந்துகொண்டு வந்தார். அவளுடைய ஒரு செருப்பு போயே போய்விட்டது. மாப்பிள்ளை தானே நடந்து வருகிறேன் என்று வீறாப்பாக இறங்கி, இரண்டாவது அடியில் குப்புற விழுந்தான். பெண் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. நேராகப் பங்களாவுக்குப் போய் முறையிட்டான்.

சாயங்காலமே துரையிடமிருந்து ஆபீஸ் எழுத்தர், அவர்கள் சொல்லில் கிராணி, ஆர்டரோடு வந்தார். மழை வரும்வரை மதகை முழுசாக மூடு. ஒரு சொட்டுக்கூட இறங்கக் கூடாது.

மச்சான் அணைமேல் போய்ச் சக்கரத்தை இறுக்கினார். நானும் கூடப் போயிருந்தேன். ஓடையில் கேட்டுக்கொண்டிருந்த சன்னமான சலசலப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. நின்ற பிறகும் அவர் சக்கரத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

"லீவு முடிய இன்னும் பத்து நாள்," என்றார். "அதுக்குள்ள முனியாண்டி கோஸு முழுக்கக் கருகிடும் மாப்ள. நான்தான் மூடுனேன்னு இருக்கும்."

மறுநாள் விடியும்போது நான் விழித்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு நீர்க்கணக்கு எதுவும் தெரியாது. படகு தெரியும். ஏரிக்குத் தண்ணீர் வேண்டியிருப்பது படகுக்காக. படகுக்குத் தண்ணீர் வேண்டியிருப்பது அடிக்கட்டைக்காக. எங்கள் ஊர்ப் படகுகளுக்கு அடி தட்டை. முழங்கால் தண்ணீரில்கூடப் போகும். கட்டையைக் கழற்றிவிட்டால் ஒரு சாண் மிச்சம். ஏரி முழுக்க ஒரு சாண் தண்ணீர்!

மச்சானிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடி, விரலை மடக்கி, சக்கரத்தின் சுற்றுகளை எண்ணினார். "ரெண்டு சுத்து வீதம் விட்டாக்கூட லீவு முடியிற வரைக்கும் தாங்கும்," என்றார்.

ஆ செங் ஒத்துக்கொள்ளவில்லை. "தாக் போலே," என்றார். முடியவே முடியாது. "ஒருத்தன் சேத்துல மாட்டுனதுக்கே இவ்வளவு கலாட்டா. படகு சுத்துச்சுன்னா எவன் லா ஏறுவான்?"

"ஒண்ணே ஒண்ணு குடுங்க. இருக்கறதுலயே மோசமானதா."

அவர் ஏழாம் நம்பர் படகைக் காட்டினார். கட்டையைக் கழற்றி, ஆணித்துளைகளுக்கு மரமுளை அடித்துத் தார் பூசினேன். மறுநாள் காலை மூடுபனிக்குள் அதைத் தள்ளிக்கொண்டு போனோம். ஆ செங் துடுப்புப் போட்டார். படகு நேராகப் போகவில்லை. அவர் சொன்னபடியே மெதுவாகச் சுற்றத் தொடங்கியது. பனியில் கரை தெரியவில்லை. எந்தப் பக்கம் அணை, எந்தப் பக்கம் தேயிலை என்று சொல்ல முடியவில்லை. எங்கோ மேலே கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் பேச்சு கேட்டது. படகு சுற்றச் சுற்ற அந்தப் பேச்சு எங்களைச் சுற்றி வந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோமோ தெரியாது.

பனி விலகியபோது நாங்கள் இருந்த இடத்தைப் பார்த்து ஆ செங் துடுப்பை மடியில் வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை படகுகள் மாட்டிய அதே மேட்டின்மேல் மிதந்துகொண்டிருந்தோம். பக்கத்திலேயே சேற்றுக்குள்ளிருந்து ஒரு செருப்பின் குதிகால் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதைப் பிடுங்கி எடுத்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். படகு ஆடுகிற அளவுக்குச் சிரித்தார்.

"பொத்தோங் லா தம்பி," என்றார். "எல்லாத்தையும் வெட்டு."

சுற்றுவதைக் குறைக்க, படகின் பின்பக்கம் நாலு விரல் ஆழத்தில் சின்ன வால்பலகை ஒன்று வைத்தேன். ஓரளவு நேராகப் போயிற்று. ஆனாலும் துரை சம்மதிக்க வேண்டுமே. மச்சான் சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனார். அவர் பின்னாலேயே துரை வெள்ளைக் கால்சட்டையோடு ஏரிக்கு வந்தார்.

"படகு தரை தட்டக் கூடாது. எனக்கு அது ஒண்ணுதான் வேணும், வீரையா."

"தட்டாது தொரை. நீங்களே ஒக்காந்து பாருங்க."

துரை உட்கார்ந்தார். நான் துடுப்புப் போட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கவனமாகத் துடுப்புப் போட்டதில்லை. மேட்டின்மேல் போகும்போது அவர் குனிந்து பார்த்தார். அடியில் சேறு கைக்கெட்டும் தூரத்தில் தெரிந்தது. படகு உரசாமல் தாண்டியது. கரைக்கு வந்ததும் அவர் கால்சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"எட்டுப் படகும் இப்படி ஆயிடுமா?"

"மூணு நாள்ல ஆயிடும் சார்," என்றேன்.

"சரி. அந்த மேட்டச் சுத்திக் கொம்பு நட்டுடுங்க, படகு அங்க போக வேணாம். முடிஞ்சதும் கோட்டுக்குக் கீழ ஒரு சாண் வரைக்கும் விடலாம். அதுக்கு மேல ஒரு விரல் எறங்குனாலும் நீதான் பதில் சொல்லணும், வீரையா."

அந்த மூன்று நாளும் நான் நிமிரவில்லை. ஆ செங் ஆணி பிடுங்கினார். அக்கா தோட்ட வேலை முடிந்து வந்து தார் காய்ச்சினாள். கழற்றிய கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கொட்டகையில் அடுக்கினோம்.

நான்காம் நாள் காலையில் நானும் மச்சானும் அணைமேல் ஏறினோம். அவர் சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். நின்று காது கொடுத்தார். இன்னொரு சுற்று. கீழே இருமல்போல் ஒரு சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் வந்தது.

"வா, கூடவே போவோம்," என்றார்.

காய்ந்த ஓடையில் தண்ணீரின் முனையோடு சேர்ந்து நடந்தோம். இப்படி ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. தண்ணீர் ஓடி வரவில்லை, நடந்து வந்தது. முன்னால் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, எறும்புகளை விரட்டிக்கொண்டு, கல்லைத் தொட்டு நின்று, சுற்றிப் போனது. குழி வந்தால் இறங்கி, நிரம்பும்வரை அங்கேயே இருந்தது. நாங்களும் நின்றோம். நிரம்பி வழிந்ததும் கிளம்பியது, நாங்களும் கிளம்பினோம். வெயில் இன்னும் ஓடைக்குள் இறங்கவில்லை. காய்ந்த கல் நனையும் வாசனை எங்களோடு வந்தது. மச்சான் ஓரிடத்தில் குனிந்து, சருகு அடைத்திருந்த இடுக்கைக் கையால் திறந்துவிட்டார்.

மழை என்னவோ நான் ஊர் திரும்பி மூன்று வாரம் கழித்துத்தான் வந்தது என்று அக்கா எழுதினாள். லீவு முடியும்வரை மச்சான் ஒரு விரல்கூடத் தப்பாமல் விட்டாராம்; அப்புறம் கோட்டை யாரும் பார்க்கவில்லையாம். முனியாண்டிக்கு மேல் பாத்தி முழுக்கத் தேறியது. கீழ்ப் பாத்தியில் ஒன்றும் மிஞ்சவில்லை. அது தண்ணீர் வந்த அன்றைக்கே அவருக்குத் தெரிந்திருந்தது.

அன்று நாங்கள் தண்ணீரோடு போய்ச் சேர்ந்தபோது முனியாண்டி ஓடைக்குள் நின்றுகொண்டிருந்தார். சத்தம் கேட்டு வந்திருக்க வேண்டும். கையில் மண்வெட்டி. தண்ணீர் அவர் கால்விரலைத் தொட்டது, அவர் நகரவில்லை. கணுக்கால்வரை ஏறிய பிறகுதான் நிமிர்ந்து மச்சானைப் பார்த்தார். மச்சானும் பார்த்தார். அப்புறம் முனியாண்டி திரும்பி, தன் வாய்க்காலின் வாயை வெட்டித் திறந்தார். தண்ணீர் பாத்திக்குள் நுழைந்தது. அவர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

மேல் பாத்தி நனைந்து முடிந்தது. முனியாண்டி ஒரு வெட்டு மண்ணை அள்ளிப் போட்டு வாய்க்காலை அடைத்தார்.

"ஏன் அடைக்கிற?" என்றார் மச்சான். "கீழ்ப் பாத்தி இருக்குல்ல?"

"அது போச்சு லா வீரா." ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர் மச்சானிடம் பேசிய முதல் வார்த்தை அது. "செத்த செடிக்கு எதுக்குத் தண்ணி? அடுத்த தோட்டத்துச் சீனவங்க பூச்செடி இன்னும் உசுரோடதான் நிக்குது. நேத்துப் பாத்தேன். அங்க விடு."

தண்ணீர் அவர் காலைச் சுற்றிக்கொண்டு மறுபடி கீழே இறங்கத் தொடங்கியது. முனியாண்டி மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார். அடுத்த தோட்டத்து வாய்க்கால் எந்த இடத்தில் திறக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.